நியூ ஜெர்சிக்கு ஒரு பால்மாப் பேணி

ரொம்சோஸ், ஒஸ்லோ
1 ஒக்ரோபர் 2023

என் மனைவியின் தங்கையைக் கட்டிய ஒரே காரணத்தால் எனக்குச் சகலனாகிவிட்ட தம்பி றொனால்டுக்கு,

மகேசன் எழுதுவது. சாமி விளக்கை ஏற்றி வைத்து, தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். என் தலையில்தான், உம்முடைய தலையில் வைத்தால் கை வழுக்கும். இனி நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீரும் நம்பக்கூடாது. நம்பினால் உமக்கு வரப்போகும் வயிற்றெரிச்சலுக்கு நியூ ஜெர்சி முழுவதும் மருந்து காணாது.

பதினாலு மாதமாக நாம் இருவரும் கதைப்பதில்லை என்பதை நான் மறக்கவில்லை. என் மனைவி செல்வமலரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒஸ்லோ வந்த நீர், என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த எல்க் கொம்பைக் கழற்றித் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த பழஞ்சாமான் சந்தை விலைத் துண்டை நூற்றிருபது பேருக்கு முன்னால் உரத்து வாசித்தீர். “அண்ணை சுட்ட மிருகம் பிறக்கேக்கையே விலை ஒட்டித்தான் பிறந்திருக்கு” என்றீர். சபை சிரித்தது. என் சொந்த மகள் நிருஜா சபையை விடக் கூடச் சிரித்தாள். அன்றைக்கே உம்முடைய இலக்கத்தை என் தொலைபேசியில் தடைசெய்தேன். ஆகவே கடிதம். கடிதத்தில் இன்னொரு வசதி: நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீர் குறுக்கே விழ முடியாது.

நேற்றுச் சனிக்கிழமை. என் கீழ்வீட்டு ஷெல் தன்னுடைய வேட்டைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார். நோர்வேக்காரர், ஓய்வுபெற்ற மின்சாரக்காரர். ஊரில் ஆமிக்காரன் அடித்த ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்தவன் இங்கே ஷெல்லோடு சேர்ந்து காட்டுக்குப் போகிறேன். விதிக்கும் பகிடி தெரியும். ஒஸ்லோவுக்கு வடக்கே மூன்று மணிநேரத்தில் காடு. புரட்டாதிச் சனி என்றபடியால் எள்ளெண்ணெய் எரித்து, விரதத்தோடு, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு போனேன்.

காலை ஒன்பது மணி. பனிமூட்டம். எல்க் என்பது மான் சாதிதான். ஆனால் குதிரையை விட உயரம். நான் கண்டதோ இரண்டு மாடி உயரம். அதன் கொம்பில் ஒரு காகக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. என் றைபிளின் நுனியில் புதுச் சைலன்சர். நோர்வேயில் றைபிள் வாங்கத்தான் பரீட்சை, பொலிஸ் அனுமதி, வருடாவருடம் குறி பார்க்கும் சோதனை எல்லாம். சைலன்சர் கடையில் கையுறைக்கும் சுடுதண்ணிப் போத்தலுக்கும் நடுவே தொங்குகிறது. அயலாரின் நிம்மதியும் வேட்டை நாயின் காதும் கெடாமல் இருக்க அதைப் பூட்டிக்கொள்வது இங்கே மரியாதை.

சுட்டேன். சத்தமே இல்லை, றொனால்ட். தான் செத்துப்போனது அந்த எல்க்குக்கே தெரியாத அளவுக்கு நிசப்தம். நின்ற இடத்திலேயே இன்னும் ஐந்து நிமிடம் புல் மேய்ந்தது. கடைசியில் ஷெல் கிட்டப் போய், தொப்பியைக் கழற்றி, அதன் காதுக்குள் “ஐயா, நீங்கள் மோசம் போய்ட்டியள்” என்று நோர்வேஜிய மொழியில் பணிவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வெட்கப்பட்டு விழுந்தது. பதினாறு பேர் தூக்கினார்கள். நான் விரதம், தொடவில்லை.

அமெரிக்காவில் இருக்கிறேன் அமெரிக்காவில் இருக்கிறேன் என்கிறீரே, இப்படி ஒரு சைலன்சரைக் கண்ணாலாவது கண்டிருக்கிறீரா?

வடதுருவக் காடுகளின் காவலன், எல்க்குகளின் எமன்,
மகேசன்


எடிசன், நியூ ஜெர்சி
13 ஒக்ரோபர் 2023

மகேசன் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். காப்புறுதிக் கந்தோரில் இருபத்தாறு வருடமாகப் பிறர் எழுதும் இழப்புக் கோரிக்கைகளை வாசித்து, எது பொய் என்று பிரிப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் எது உண்மை என்று பிரிக்க வேண்டியிருந்தது. தேதி மட்டும் சரியாக இருக்கிறது.

நீங்கள் காட்டில் நின்றதாகச் சொல்லும் சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அக்கா தன் தங்கை இந்திராவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. அதில் நீங்கள் வீட்டுச் சோபாவில் வாயைத் திறந்து நித்திரை. மடியில் புட்டுக் கோப்பை. எல்க் இல்லை. காகக் குடும்பமும் இல்லை.

சைலன்சர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்க வேண்டாம், அண்ணை. நான் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கி ஒன்பது வருடம். என்னிடம் இரண்டு சைலன்சர் இருக்கிறது. ஒன்று சாதாரண நாட்களுக்கு. மற்றது கறுப்பு, கொஞ்சம் நீளம். ஞாயிறு பூசை முடிந்து போகும்போது அதைத்தான் எடுப்பேன். இது எங்களுக்குப் புதினமில்லாததால் கடிதம் எழுதி அறிவிப்பதில்லை.

எங்கள் மகள் துஷ்யாவின் கலியாணம் நவம்பர் 25. அழைப்பிதழ் இதோடு இருக்கிறது. மாப்பிள்ளை கஜரூபன், பல் வைத்தியர். உங்களுக்குக் கால் வலி, வரமாட்டீர்கள் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டா. கலியாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே தேதி குறித்து வருகிற கால் வலியை நான் கந்தோரிலும் கண்டதில்லை.

நிருஜா வருகிறாள். அவளுக்கு மேல்மாடி அறையை ஒழுங்குபடுத்தியாயிற்று. தோட்டப் பக்கம் பெரிய ஜன்னல். ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுத்து ஒரு மணிநேரம் கதைக்கிற பிள்ளை. “சித்தப்பா, உங்களோடை கதைச்சால்தான் அந்தக் கிழமை முடிஞ்ச மாதிரி இருக்கும்” என்று போன ஞாயிறும் சொன்னாள். அவள் வருவது எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
றொனால்ட்


ரொம்சோஸ், ஒஸ்லோ
8 நவம்பர் 2023

இரட்டைச் சைலன்சர்ப் பிரபு றொனால்ட் அவர்களுக்கு,

இரண்டா! உம்முடைய கடிதத்தை வாசித்த அன்று எனக்கு வந்த காய்ச்சலில் ரொம்சோஸ் மலையில் பனி உருகிப் பாதாள ரயில் நின்றுவிட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. செல்வமலர் “என்னப்பா, வயித்துக்கை ஏதும் செய்யுதோ?” என்றாள். ஓம் என்றேன். இரண்டு செய்கிறது என்று சொல்லவில்லை.

மேல்மாடி அறையாம், பெரிய ஜன்னலாம். என் வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது ஐயா. அதன் வழியே பார்த்தால் ஒஸ்லோ முழுவதும் தெரியும். கண் கூர்மையானவருக்கு டென்மார்க்கும் தெரியும். ஆனால் என் மகள் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் உம்மோடு கதைப்பாள். கதவு சாத்தியிருக்கும். சிரிப்பு மட்டும் வெளியே வரும். நான் தேநீரோடு கதவடியில் நிற்பேன். ஆறிவிடும். எனக்கு அவள் தொலைபேசியில் அனுப்புவது கட்டைவிரல் படம் ஒன்று. “பிள்ளை சாப்பிட்டியோ?” கட்டைவிரல். “வேலை கிடைச்சுதோ?” கட்டைவிரல். இங்கே வெஸ்ட்லியில் ஒரு பள்ளியில் ஜனவரி தொடக்கம் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது என்று உமக்குத்தான் முதலில் சொன்னாளாம். எனக்கு இந்திரா செல்வமலருக்குச் சொல்லி, செல்வமலர் சொல்லித் தெரியும். நோர்வேயில் நடந்த செய்தி நியூ ஜெர்சி போய்த் திரும்பி, பக்கத்து அறைக்கு வருகிறது.

சரி. அழுவதற்கு எழுதவில்லை. உம்மை அழவைக்க எழுதுகிறேன்.

உம்மிடம் இரண்டு இருக்கிறதல்லவா, மூன்றாவதை நான் அனுப்புகிறேன். கடையிலேயே உயர்ந்தது. கலியாணவீட்டு மாமனாருக்கு என் பரிசு. உம்முடைய இரண்டும் இதற்குப் பக்கத்தில் வைத்தால் வெட்கத்தில் தாமாகவே மௌனமாகிவிடும். தபாலில் போட்டால் எந்தக் கள்ளன் எடுப்பானோ என்று நம் ஆட்களின் தொன்றுதொட்ட தபாலில் விட்டிருக்கிறேன்: பயணம் போகிறவரின் பெட்டி. பால்மா வந்த வெறும் தகரப் பேணி ஒன்று. அடியில் சாமான், பொலித்தீனில் சுற்றி. மேலே கழுத்து வரை செல்வமலர் வறுத்து இடித்த மிளகாய்த் தூள். மண்ணிற ஒட்டுப் பட்டியால் ஏழு சுற்று. மேலே உம்முடைய பெயரும் இலக்கமும் என் கையால்.

நிருஜா பேணியை வாங்கிப் பார்த்தாள்.

“என்னப்பா, இவ்வளவு பாரமாக் கிடக்கு?”

“உன்ர சித்தப்பாவுக்கு அங்கத்தைய தூள் உறைப்புக் காணாதாம் பிள்ளை.”

அவ்வளவுதான். வேறு கேள்வியில்லை. நோர்வேயில் பிறந்தவளென்றாலும் இந்த விசயத்தில் சுத்த யாழ்ப்பாணத்தி. விமானம் ஏறுகிறவள் பொட்டலத்தை மறுக்கவும் மாட்டாள், உடைத்துப் பார்க்கவும் மாட்டாள்.

21ஆம் தேதி பின்னேரம் ஐந்து மணிக்கு விமானம். பேணியைத் திறக்கும்போது உம்முடைய முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்பதுதான் ஒரே கவலை. மற்றபடி கால் வலி அப்படியே இருக்கிறது.

அள்ளிக் கொடுக்கும் வள்ளல்,
மகேசன்


எடிசன்
21 நவம்பர், விடிய 5.20. உங்கள் நேரம் 11.20

அண்ணை,

இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அக்காவின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். உங்கள் இலக்கத்துக்குப் பதினொரு தரம் எடுத்தேன். நீங்கள் என்னைத் தடைசெய்தது என் நினைவுக்கு வர ஐந்தாவது தரம் ஆயிற்று, பிறகும் எடுத்தேன். அக்கா எடுக்கவில்லை. நிருஜாவின் இலக்கம் வேலை செய்யவில்லை. பயணத்துக்கென்று அமெரிக்கச் சிம் மாற்றிவிட்டாள் என்று இந்திரா சொல்கிறா. அந்த இலக்கம் எங்களிடம் இல்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்திருக்கிறது. கலியாணத் தாள்களோடு கலந்து கிடந்ததை இப்போதுதான் உடைத்தேன்.

அந்தப் பேணி ஏறக்கூடாது. அவள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் விமானநிலையத்துக்கு ஓடுங்கள். மிச்சத்தை ரயிலில் வாசியுங்கள்.

நியூ ஜெர்சியில் சைலன்சர் கையில் வைத்திருப்பதே குற்றம். றைபிளில் பூட்டினாலும் குற்றம், அலுமாரியில் வைத்தாலும் குற்றம், தூளுக்குள் வைத்தாலும் குற்றம். உங்களுக்கு அது காதில் அடைக்கும் பஞ்சு மாதிரி. இங்கே சட்டத்தின் கண்ணில் அந்தக் குழாயே தனியாக ஒரு துப்பாக்கி. நாடு ஒன்று, சட்டம் மாநிலத்துக்கு ஒன்று. நியூயோர்க்கில் கூடாது. டெலவெயரில் கூடாது. கனெக்டிகட்டில் வைத்திருக்கலாம், வேட்டைக்குக் கொண்டுபோகக்கூடாது. ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போனால் வைத்திருக்கலாம், வேட்டைக்கும் போகலாம். அதுவும் மத்திய அரசாங்கத்துக்கு விரலடையாளமும் படமும் கொடுத்துப் பதிந்து, மாதக்கணக்காகக் காத்திருந்த பிறகு. வெளிநாட்டிலிருந்து பயணப்பெட்டியில் கொண்டுவர எந்த மாநிலத்திலும் வழியில்லை.

எனக்கு இரண்டு இல்லை, அண்ணை. ஒன்றும் இல்லை. என்னோடு வேலை செய்யும் றொபின் பென்சில்வேனியாவில் இருக்கிறவன், முறைப்படி பதிந்து ஒன்று வைத்திருக்கிறான். அவன் வீட்டு மேசையில் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு நோர்வேக்காரன் கதவைத் தட்டி “வா காட்டுக்கு” என்கிறான். கடையில் கையுறை மாதிரித் தொங்குகிறது என்று எழுதுகிறீர்கள். முப்பது வருடம் இங்கே இருந்தும் என் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் பெயர் தெரியாது. அந்த எரிச்சலில் எழுதிவிட்டேன். ஒன்று என்று எழுதியிருந்தாலே போதும். இரண்டு என்று எழுதினேன்.

பெட்டி அவளுடைய பெயரில். பிடித்தால் அவளைத்தான் பிடிப்பார்கள். “அப்பா தந்தது, தூள் எண்டு நினைச்சன்” என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? குற்றப்பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழ் இல்லாமல் அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலும் மிதிக்க முடியாதென்று அவளே எனக்குச் சொன்னவள்.

ஓடுங்கோ.

றொனால்ட்


ரொம்சோஸ்
22 நவம்பர் 2023, இரவு

றொனால்ட்,

இதையும் படமாகச் செல்வமலர் அனுப்புவாள். உன் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இன்றைக்கு எடுக்காதே.

நிருஜா இன்றைய விமானத்தில் ஏறிவிட்டாள். ஒரு நாள் பிந்தி வருகிறாள். கலியாணத்துக்கு நேரம் இருக்கிறது. பேணி அவளிடம் இல்லை. பெட்டி விமானத்துக்குள் போக முதல் நான் கவுண்டரில் சொல்லி எடுப்பித்தேன். கவுண்டரில் நின்ற பையன் முதலில் சிரித்தான். இரண்டாம் தரம் சொன்னபோது பொலிசைக் கூப்பிட்டான்.

இந்தச் சாமானை நோர்வேக்கு வெளியே அனுப்பவும் அனுமதி வேண்டுமாம். கடையில் வாங்க ஒன்றும் வேண்டாம் என்றதும் எங்கேயும் ஒன்றும் வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேணியில் இருந்தது என் கையெழுத்து. வாங்கியதற்கான கடைத் துண்டு என் பேர்சுக்குள் இருந்தது. அதனால் கடைசியில் என்னை நம்பினார்கள். வழக்கு என் பெயரில். நிருஜாவின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. இதை இரண்டு தரம் வாசி. ஒரு தாளிலும் இல்லை. கேட்டு, எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று காலை வீட்டுக்கு வந்து றைபிளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றரை மணிநேரம் ஒரு அறையில் இருந்தோம். வீட்டுக்கு வரும் ரயிலிலும் இன்று திரும்பப் போகும் ரயிலிலும் அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை. மேல்மாடி அறையில் ஹீற்றரைப் போட்டு வை. விமானத்தில் அவளுக்குக் கால் குளிரும். அங்கே நடந்த மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மகேசன்


எடிசன்
4 டிசம்பர் 2023

அண்ணைக்கு,

கலியாணம் நல்லபடி முடிந்தது. படங்களை அக்கா காட்டியிருப்பா. சிவப்புச் சேலையில் நிருஜா ஆடுவதைப் பார்த்து “இவளுக்கு அவன்தான் அப்பா, நான் சித்தப்பா போல” என்று நீங்கள் முணுமுணுத்ததாகவும் அக்கா சொன்னா. உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

கலியாணம் முடிந்த மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் முப்பது பேர் இருந்தோம். புது மருமகன் கஜரூபனைச் சிரிக்க வைக்க நான் உங்கள் எல்க் கொம்புக் கதையை எடுத்தேன். வழக்கமாக அதற்கு முதலில் சிரிப்பது நிருஜா. அன்றைக்குக் கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

“சித்தப்பா, அந்தக் கதையை இனிச் சொல்லாதேங்கோ.”

“ஏன் பிள்ளை, நீதானே விழுந்து விழுந்து சிரிச்சனீ?”

“சிரிச்சனான். இனி இல்லை.”

எழும்பி மேலே போய்விட்டாள். முப்பது பேரும் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் துஷ்யா என்ன செய்தாள் தெரியுமா? “அப்பாவுக்கு எப்ப நிப்பாட்டோணும் எண்டு தெரியாது” என்று மாப்பிள்ளைக்குச் சொன்னாள். எனக்காக ஒருவரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

ஒன்பது வருடம் ஞாயிறு ஞாயிறாகக் கதைத்து நான் சேர்த்து வைத்ததை, விமானநிலையத்தில் ஒரு மத்தியானத்தில் நீங்கள் எப்படித் தட்டிக்கொண்டு போனீர்கள்? அதுவும் குற்றம் செய்து!

தொழில் புத்தியால் இன்னொன்றும் கேட்கிறேன். பெட்டி அவளுடையது. பயணச்சீட்டு அவளுடையது. பேணி அவளுடைய பெட்டிக்குள் இருந்தது. அப்படியிருக்க மூன்றரை மணிநேரம் ஏன் எடுத்தது? நீங்கள் என்னுடையது என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற கதை. ஏன் “கடைசியில்” நம்பினார்கள் என்று எழுதினீர்கள்? அவளைக் கேட்டால் “அப்பா சொல்லுவார்” என்கிறாள். உங்களோடு கதைக்கிறாளா என்று கேட்டால், “இன்னும் கோவம்” என்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்கான பொலிஸ் சான்றிதழ் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதாம். ஒரு குறையும் இல்லை. அதை எனக்கு மட்டும்தான் சொன்னாள் என்று பெருமைப்பட நினைத்தேன். “அப்பாவுக்கும் அனுப்பீட்டன்” என்றாள்.

என்ன நடந்தது, அண்ணை? எல்க் மாதிரி எழுதினாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

றொனால்ட்


ரொம்சோஸ், ஒஸ்லோ
16 டிசம்பர் 2023

பொறாமையில் பொசுங்கும் தம்பி றொனால்டுக்கு,

ஆகா! “எரிச்சலோடுதான் சொல்கிறேன்.” இந்த வரியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், கொம்பு இருந்த இடத்தில். தினமும் காலையில் அதற்கு முன்னால் நின்று பல் துலக்குகிறேன். உம்முடைய இரண்டு மாடி வீடும் பெரிய ஜன்னலும் பல் வைத்திய மருமகனும் இன்றைக்கு என் கண்ணில் தூசி.

கேட்டீரல்லவா, கேளும்.

உம்முடைய கடிதத்தைச் செல்வமலரின் தொலைபேசியில் கண்டபோது நிருஜா பெட்டியோடு போய்விட்டாள்; ரொம்சோசிலிருந்து ஓடத் தொடங்கினேன். கால் வலி வழியிலேயே என்னைத் தொடர முடியாமல் களைத்து இருந்துவிட்டது. விமானநிலைய ரயில் என்னைத் தாண்ட முயன்று தோற்றது. சாரதி எழும்பி நின்று கும்பிட்டார். நான் போய்ச் சேர, விமானம் எழும்புகிறது. பின்சக்கரத்தைப் பிடித்து ஒரு இழுவை. விமானி எட்டிப் பார்த்து, “ஐயா, என்ன வேணும்?” என்றான். “ஒரு பேணி” என்றேன்.

உடனே நானூறு பொலிஸ், மூன்று ஹெலிகொப்டர், பதினெட்டு மோப்ப நாய்கள். ஒவ்வொரு நாயும் சட்டம் படித்தது. பேணியை மேசையில் வைத்து மூடியைக் கழற்றினார்கள். செல்வமலரின் தூள் எழும்பியது. நானூறு பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். சுவீடன் பக்கம் நிலநடுக்கம் என்று செய்தியில் சொன்னார்கள். தூள் அடங்க, உள்ளேயிருந்து கறுப்புக் குழாய் வெளியே வந்தது. “இது யாருடையது?” என்று நானூறு குரல் முழங்கியது. என் மகள் நெற்றிக்கண் திறந்தவள் மாதிரி நிமிர்ந்து, என்னுடையது என்றாள். நான் சிங்கம் போல் கர்ச்சித்து, இல்லை, என்னுடையது என்றேன். என்னுடையது! என்னுடையது! அப்பனும் மகளும் மாறி மாறிக் கத்தியதில் ஓடுபாதையின் பனி முழுவதும் சரிந்தது. பொலிஸ் குழம்பிப் பன்னிரண்டு நீதிபதிகளை அழைத்தார்கள். மூன்று பகல் வழக்காடினேன். கடைசியில் பன்னிரண்டு பேரும் கண்ணீர் விட்டு, இப்படி ஒரு தகப்பனைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதி, றைபிளை மட்டும் ஞாபகப்பொருளாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இனி ஷெல்லின் குழுவில் எனக்குத் துப்பாக்கி கிடையாது. மரத்தைத் தட்டி எல்க்கைக் கலைக்கும் வேலை தருகிறாராம். உண்மையைச் சொன்னால், போன இரண்டு வருடமும் அதைத்தான் செய்தேன். குறி பார்க்கும் சோதனையில் இன்னும் தேறவில்லை.

நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஹெலிகொப்டர் இல்லை. பொலிஸ் இரண்டு பேர். ஒருத்தி நிருஜாவின் வயது. நாய் ஒன்று, அது மேசைக்குக் கீழே நித்திரை. நான் ஓடவில்லை, ரயிலில் நின்றபடி போனேன். தும்மியதும் நான் மட்டும்தான். தூள் பறந்தபடியால் கண்ணீருக்கு ஒருவரும் காரணம் கேட்கவில்லை. நீதிபதிகள் இல்லை. இருபத்துநாலு வயதுப் பெண்ணை, நீ சொன்னது பொய், அப்பா சொல்வதுதான் உண்மை என்று ஒப்புக்கொள்ள வைக்கத்தான் அந்த மூன்றரை மணிநேரம் போனது. என் வாயிலிருந்து வருவது உண்மை என்று யாரையும் நம்ப வைக்க எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே, தம்பி, மேலே எழுதியதில் ஒரு சின்ன இடம் மட்டும் நடந்தது. அந்தப் பொலிஸ் பெண் குழாயை மேசையில் வைத்து யாருடையது என்று கேட்டாள். நிருஜா அதைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, நான் வாய் திறக்க முதல் எனக்கு முன்னால் வந்து நின்று, “என்னுடையது” என்றாள்.

மகேசன்